அவரவர் துணி

பெரியம்மாவின் காப்பகத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது துணிகள்தான். கூடத்துச் சுவரில் குழந்தைகளின் தோள் உயரத்துக்கு ஒரு பலகை. அதில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் கையகலத்துக்கு ஒரு துணி. பழைய துண்டுகளை வெட்டி ஓரம் தைத்தவை. எது யாருடையது என்று தெரிய மூலையில் ஒரு பொத்தான் இருக்கும். ஒன்றில் சிவப்புப் பொத்தான், இன்னொன்றில் மீன் வடிவப் பொத்தான், வேறொன்றில் மழைக்கோட்டிலிருந்து பிய்த்த பெரிய கறுப்புப் பொத்தான். தண்ணீரைக் கொட்டினாலும் சாயத்தைச் சிந்தினாலும், கொட்டியவர் போய்த் தன் துணியை எடுத்து வந்து துடைக்க வேண்டும். அழுதால் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். துடைத்துத் தரமாட்டார்கள். பலகையின் கோடியில் பெரியவர்களுக்கும் கொக்கி உண்டு. பெரியம்மாவுக்கு ஒன்று, அங்கே வேலை பார்த்த அத்தைக்கு ஒன்று, நான் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு ஒன்று.

பெரியம்மா என்று அவரைக் கூப்பிட்டது குழந்தைகள். என் அக்காவைப் போன்ற பெற்றோர்களுக்கு அவர் ‘மேடம்’. ஐம்பதை நெருங்கும் வயது, மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடும் பழக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருந்த தன் வீட்டின் முன்பாதியையே காப்பகமாக்கியிருந்தார். என் அக்கா மகள் அங்கேதான் பகல் முழுவதும் இருந்தாள். நான் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலம். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது என்பதால் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதன் கீழே நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அக்கா சொன்னாள்: “இங்க உக்காந்து சுவத்தைப் பார்க்கறதுக்கு அங்க போயி உக்காரு. மேடம் ஆள் தேடறாங்க.”

காப்பகம் தொடங்குவதற்கு முன் பெரியம்மா துணி துவைக்கும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் ஒரு சேவை மையத்தில் புகார் வாங்கும் மேசையில் இருந்தார். அந்தக் கதைகளைச் சொல்லும்போது குரல் மாற்றி மாற்றிப் பேசுவார்.

“‘நாங்க ஒண்ணுமே பண்ணலைங்க, தானா நின்னு போச்சு’ம்பாங்க. மெக்கானிக் பின்பக்கத்தைக் கழட்டினா உள்ள ஒரு ஸ்பூன், ஒரு கொலுசு, பாதி சாக்ஸ். ஸ்பூன் நடந்தா போச்சு உள்ள? சரி, மெக்கானிக்காவது ஒழுங்கான்னா, ஸ்க்ரூவை முறுக்கி உடைச்சிட்டு ‘கம்பெனிலேயே இப்படித்தான் வந்திருக்கு’ன்னு என் தலையில கட்டுவான். ரெண்டு பக்கமும் யாரும் எதுவுமே பண்ணலை. ஆனா மெஷின் செத்துக் கிடக்கு. அதுக்கு நடுவுல நான்.”

அந்த மேசையில் ஒரே ஒரு முறை, அம்மாவின் பின்னால் நின்றிருந்த ஒரு சிறுமி தலையை நீட்டி, “நான்தான் ஸ்பூனைப் போட்டேன், அதுக்குக் குளிக்கணும்னு” என்று சொன்னாளாம். அம்மாக்காரி பின்கையால் அவளைக் கிள்ளினாளாம்.

“அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது. பொய் சொல்றது அதுங்களா கத்துக்கறதில்லை. நாமதான் கிள்ளிக் கிள்ளிச் சொல்லித் தர்றோம்.”

கதையில் எல்லாம் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். ஆனால் அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட விதி சந்தேகத்துக்கு இடமில்லாதது. நடந்ததைச் சொல்லும் குழந்தையை இரண்டாம் முறை கேட்கக் கூடாது. ஒரு முறை கேட்பது, சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வது, அடுத்து என்ன செய்யலாம் என்று போவது. மீன் பொத்தான்காரன் ஒரு நாள் இன்னொருவனின் ஷூவுக்குள் மண்ணைக் கொட்டிவிட்டான். “யாரு?” என்றார் பெரியம்மா. “நான்” என்றான். “சாரி” என்பதையும் அவனாகவே சேர்த்துக்கொண்டான்.

“சாரி சொன்னதும் மண்ணு வெளிய வந்துடுச்சா, பாரு.”

அவன் ஷூவுக்குள் எட்டிப் பார்த்தான். “வரலை.”

“அப்ப என்ன பண்ணலாம்?”

அன்று முற்பகல் முழுவதும் அவன் வாசலில் உட்கார்ந்து பல் துலக்கும் பிரஷ்ஷால் ஷூவைச் சுத்தம் செய்தான். யாரும் திட்டவில்லை. அவனுக்கு அது தண்டனை என்றே தெரியவில்லை. மறுநாள் இன்னொரு ஷூ கிடைக்குமா என்று கேட்டான்.

இந்த விதியால் அங்கே குழந்தைகள் மடமடவென்று ஒப்புக்கொள்வதைப் பார்த்து நான் அசந்துபோயிருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் உடைந்தால் அன்று முழுக்க விசாரணைக் கமிஷன் நடக்கும்.

அத்தை, சமையலுக்கும் குழந்தைகளைக் குளிப்பாட்டித் தூங்கவைப்பதற்கும் இருந்தவர். நாற்பது வயதிருக்கும். குரல் தெருமுனை வரை கேட்கும். குழந்தைகள் அவர் முதுகில் ஏறித் தோளில் தொங்கி, பல நேரம் அவர் ஒரு நடமாடும் மரம் போலத்தான் காட்சியளிப்பார். ஆனால் வாய் மட்டும் கட்டுக்குள் நிற்காது. “ஓடினே, காலை ஒடிச்சு அடுப்புல வச்சுடுவேன்” என்று சொல்லிக்கொண்டே அந்தக் காலுக்கு எண்ணெய் தடவுவார்.

“ஏம்மா, செய்யாததையெல்லாம் செய்வேன்னு சொல்லாதேன்னா கேக்கறியா?” என்பார் பெரியம்மா.

“அக்கா, எங்க வீட்டுல என் காலை ஒடிக்கறேன்னு சொல்லாத நாளே கிடையாது. ரெண்டும் இருக்கு, பாருங்க.”

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். பேச்சு அதோடு நின்றுவிடும்.

என் அக்கா மகளுக்கு அங்கே ரேடியோ என்று பெயர். நாலரை வயது. காலையில் கண் விழித்ததிலிருந்து ஒலிபரப்பு தொடங்கிவிடும். வீட்டுச் செய்தி காப்பகத்தில், காப்பகச் செய்தி வீட்டில். தெருநாய் குட்டி போட்டதிலிருந்து சித்தி குளியலறையில் பாடியது வரை ஒன்று பாக்கியிருக்காது. அந்தச் சித்தி நான்.

நான் ஒரு நேர்முகத் தேர்வுக்கும், பெரியம்மா கடைக்கும் போயிருந்த ஒரு மதியம்தான் அது நடந்தது. அக்கா பெரிய கடை ஒன்றில் பில் போடுபவள். அன்று அவளே மாலையில் மகளை அழைத்துக்கொண்டு நடந்து வந்தாள். பாதி வழியில் ரேடியோ சொன்னாள்:

“அம்மா, நான் சாப்பிடலைன்னு அத்தை என்னை மெத்தை ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்க. ஒரே இருட்டு. நான் கத்திக் கத்தி அழுதேன்.”

மெத்தை ரூம் என்பது கூடத்தை ஒட்டிய சிறிய அறை. ஜன்னல் கிடையாது. மதியத் தூக்கத்துக்கான மெத்தைகளை அங்கேதான் அடுக்கிவைப்போம்.

அக்கா நடைபாதையிலேயே நின்று பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் தட்டிவிட்டாள். ‘என் குழந்தையை இருட்டு அறையில் போட்டுப் பூட்டியிருக்கிறாள் அந்த அத்தை. சாப்பிடவில்லை என்பதற்காக. உங்கள் குழந்தைகளையும் கேட்டுப் பாருங்கள்.’ வீடு வருவதற்குள் குழு கொதித்துக்கொண்டிருந்தது. அக்காவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், இன்னும் இரண்டு ஆச்சரியக்குறி சேர்த்து.

மறுநாள் காலை வாசலில் பெற்றோர்கள் கூடிவிட்டார்கள். வேலைக்குப் போகிற அவசரமும் கோபமுமாக ஆளுக்கொரு பேச்சு. பெரியம்மா குனிந்து ரேடியோவிடம் கேட்டார்: “என்ன நடந்துச்சு?”

“அத்தை பூட்டினாங்க.”

அவ்வளவுதான். விதிப்படி ஒரு முறை. பெரியம்மா நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார்.

“பூட்டுவேன்னு சொன்னியா?”

“சொன்னேன்க்கா. ஒரு வாய் கூட வாங்கலை, சும்மா சொன்னேன். ஆனா நான் போயி...”

“சொன்னேதானே?”

“சொன்னேன். ஆனா...”

“போதும். நீ வீட்டுக்குப் போ. இனிமே வர வேண்டாம்.”

அத்தை சுற்றிலும் பார்த்தார். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருக்கலாம். நானும் அங்கேதான் நின்றேன். முதல் நாள் நான் இல்லை, எனக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன். அவர் உள்ளே போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த கரண்டியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். அவருடைய துணி கொக்கியில் அப்படியே தொங்கியது.

பிறகு சமையலும் குளிப்பாட்டலும் எங்கள் இருவர் தலையிலும் விழுந்தன. எனக்குத் தாலாட்ட வரவில்லை. குழந்தைகள் தூங்காமல் என்னை வேடிக்கை பார்த்தார்கள். “அத்தை எப்ப வருவாங்க?” என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். அதிகம் கேட்டது ரேடியோதான்.

இதற்கிடையில் வாட்ச்மேன் ஒரு செய்தி கொண்டுவந்தார். அத்தை அடுத்த கட்டடத்தில் ஒரு வீட்டில் குழந்தை பார்க்கும் வேலைக்குக் கேட்டிருக்கிறார். வரச் சொல்லியும் இருக்கிறார்கள். பிறகு, ‘குழந்தையைப் பூட்டற பொம்பளையாமே’ என்று வாசலோடு அனுப்பிவிட்டார்களாம். “பேரு அங்க வரைக்கும் போயிடுச்சு மேடம். இந்தப் பக்கத்துல அவங்களுக்கு இனிமே குழந்தை வேலை கிடைக்காது” என்றார். பெரியம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார், தேவைக்கு மேலேயே நறுக்கித் தள்ளிவிட்டார்.

அடுத்த சில நாட்களில் ஒரு மதியம். பெரியம்மாவும் நானும் மெத்தை ரூமின் கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு மெத்தைகளை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். மீன் பொத்தான்காரன் உள்ளே நுழையப் பார்த்தான். ரேடியோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“உள்ள போயி கதவை இழுக்காதே. டக்குன்னு ஆயிடும். அப்புறம் திறக்காது.”

“ஏன் திறக்காது?”

“உள்ள பிடியே இல்லை. அன்னிக்கு நான் இழுத்துட்டேன்ல. அத்தை ஓடி வந்துதான் திறந்தாங்க.”

“நீ ஏன் இழுத்தே?”

“மெத்தை மேல குதிச்சேன். யாரும் பார்க்கக் கூடாதில்ல?”

பெரியம்மா கையில் ஒரு தலையணையோடு நின்றுவிட்டார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தலையணையைக் கீழே வைத்தார். செங்கல்லைக் காலால் நகர்த்திவிட்டு அறைக்குள் போய்க் கதவை இழுத்தார். டக்கென்று சத்தம். உள்ளேயிருந்து தட்டினார். நான் திறந்துவிட்டதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.

“நல்லாத்தான் பூட்டிக்குது” என்றார். பிறகு, “இந்தப் பூட்டை மாத்தணும்னு நானே எத்தனை தரம் சொல்லியிருப்பேன். செங்கல்லை வச்சே காலத்தை ஓட்டிட்டேன்.”

அங்கேயே, மெத்தை மேல் உட்கார்ந்து, ரேடியோவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“நான் இன்னொரு தரம் கேக்கப்போறேன். கோபம் இல்லை. அத்தை பூட்டினாங்கன்னு சொன்னியே?”

“ஆமா.”

“கதவை யாரு இழுத்தா?”

“நான்.”

“அப்ப அத்தை எங்க இருந்தாங்க?”

“கிச்சன்ல.”

“கிச்சன்ல இருந்துக்கிட்டு எப்படிப் பூட்டினாங்க?”

ரேடியோ முதன்முறையாக ஒலிபரப்பை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் தன் கால் விரல்களைப் பார்த்தாள். “அத்தை பூட்டுவேன்னு சொன்னாங்க. அப்புறம் பூட்டிக்கிச்சு” என்றாள்.

இது பொய்யா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. முன்னால் ஒரு சொல், பின்னால் ஒரு பயம். இரண்டையும் அவள் முடிச்சுப் போட்டுவிட்டாள். அதையே பெரியவர்களான நாங்களும் செய்தோம், யோசிக்கத் தெரிந்த வயதில்.

பெரியம்மா அவளிடம் நேராகவே சொன்னார்: “நீ அப்படிச் சொன்னதைக் கேட்டுத்தான் நான் அத்தையைப் போகச் சொன்னேன். அத்தை பூட்டலை. ஆனா பூட்டினாங்கன்னு எல்லாரும் நினைச்சுட்டு இருக்காங்க. அதனால அத்தைக்கு எங்கேயும் வேலை கொடுக்க மாட்டேங்கறாங்க.”

“என்னாலயா?”

“உன்னாலயும். என்னால இன்னும் நிறைய. நான் அத்தை சொன்னதைக் கேக்கவே இல்லை.”

ரேடியோவின் உதடு பிதுங்கியது. பெரியம்மா அணைத்துக்கொண்டார். ஆனால், ‘பரவாயில்லை’ என்று சொல்லவில்லை. நான் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் சொல்லாதது அப்போது எனக்குக் கொஞ்சம் கல் நெஞ்சாகக்கூடப் பட்டது.

மாலையில் அக்கா வந்தாள். பெரியம்மா அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். அக்கா முகம் சிவந்துவிட்டது.

“இப்ப என் பொண்ணு பொய்க்காரின்னு சொல்றீங்களா மேடம்?”

“இல்லம்மா. அவ சொன்னதுல பாதி நடந்தது. மீதியை நாம சேர்த்துக்கிட்டோம். நீங்களும் கேக்கலை, நானும் கேக்கலை.”

“அந்தம்மா மிரட்டினது நிஜம்தானே? அதுக்கு என்ன சொல்றீங்க?”

“நிஜம். அது அவளோடது. அதை அவ பார்த்துக்குவா.”

அக்கா பையின் வாரை முறுக்கினாள். “சரி, விடுங்க. காதும் காதும் வச்ச மாதிரி அவங்களைத் திரும்பக் கூப்பிட்டு வேலைக்கு வச்சுக்கோங்க. நான் ஒண்ணும் சொல்லலை.”

“வாசல்ல எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு அனுப்பினேன். இப்ப கொல்லைப்புறமா உள்ள விடுன்னா எப்படிம்மா? வாசல்லயேதான் கூப்பிடணும்.”

“அதுக்கு? நாலரை வயசுக் குழந்தையை அத்தனை பேர் முன்னாடி நிறுத்தி மன்னிப்புக் கேக்க வைக்கப்போறீங்களா? அவ பயந்து போயிட மாட்டாளா?”

“நிறுத்த மாட்டேன். அவளுக்கு எதைச் சொல்ல வருதோ அதைச் சொல்லட்டும், வரலைன்னா பரவாயில்லை. நான் சொல்ல வேண்டியதை நான் சொல்லிடுவேன்.” பிறகு, “நீங்க கொட்டினது குரூப்ல இருக்கு” என்றார்.

அக்கா எழுந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். 

வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில் நின்றபடி போனை என்னிடம் நீட்டினாள். “நீதான் படிச்சவ. நாகரிகமா ஒண்ணு எழுதிக் கொடு. விஷயமும் தெரியணும், நம்ம மானமும் போகக் கூடாது.”

நான் யோசித்து யோசித்து எழுதினேன்: ‘கடந்த வாரம் காப்பகத்தில் நிகழ்ந்த சம்பவம் தொடர்பாக ஒரு புரிதல் பிழை ஏற்பட்டிருப்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’

அக்கா வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள்.

“யாருடி இந்த ‘கொள்கிறோம்’? நீயும் நானுமா?”

“மரியாதைக்கு அப்படித்தான் எழுதுவாங்க.”

“என்ன நடந்துச்சு, யாரு பண்ணாங்க, ஒண்ணும் தெரியலையே. ரோட்டுல பள்ளம் தோண்டிட்டு போர்டு வைப்பாங்களே, அது மாதிரி இருக்கு.”

மேசைக்கடியில் படம் வரைந்துகொண்டிருந்த ரேடியோ தலையை நீட்டினாள். “அம்மா, நீங்களும் கொட்டிட்டீங்களா?”

அக்கா என்னைப் பார்த்தாள். “பெரியம்மா சொன்னதையெல்லாம் கேட்டுட்டு இருந்திருக்கா.”

“உங்க துணி எங்க இருக்கு?”

“எனக்கு அங்க துணி இல்லடா.”

“பெரியம்மாகிட்ட கேளுங்க, தருவாங்க. பொத்தான் நாம கொண்டு போகணும்.”

அக்கா சிரிக்கவில்லை. நான் எழுதியதை அழித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, பில் போடுகிறவளுக்குரிய வேகத்தில் தட்டினாள்: ‘என் மகளை அத்தை பூட்டவில்லை. அவளே கதவை இழுத்து மாட்டிக்கொண்டாள். அத்தைதான் திறந்துவிட்டிருக்கிறார். நான் விசாரிக்காமல் உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். தவறு என்னுடையது. அவரைப் பற்றி வேறு யாரிடமாவது நீங்கள் சொல்லியிருந்தால் தயவுசெய்து இதையும் சொல்லுங்கள்.’ அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள்.  

பதில்கள் வந்தன. சிலர் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒருத்தி, ‘குழந்தைகள் என்றால் அப்படித்தான்’ என்றாள். ஒருத்தர், ‘அப்படியானால் இனி எதை நம்புவது?’ என்று கேட்டார்.  கறுப்புப் பொத்தான்காரியை அவள் வீட்டார் அதோடு காப்பகத்திலிருந்து நிறுத்தியேவிட்டார்கள்.

பெரியம்மா அத்தையின் வீட்டுக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. அத்தை எங்களை உட்காரச் சொன்னார். ஆனால் தான் நின்றுகொண்டே இருந்தார். பெரியம்மா சுற்றி வளைக்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, “நாளைக்குச் சாயங்காலம் எல்லாரும் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக வர்ற நேரம் நீ வரணும். எல்லார் முன்னாடியும் நான் சொல்லணும்” என்றார்.

“வர்றேன்” என்றார் அத்தை. “வேலைக்கு வர்றேன்னு சொல்லலை.”

“சரி.”

“அன்னிக்கு ‘ஆனா’ன்னு ரெண்டு தரம் வாயெடுத்தேன்க்கா.”

“ஆமா. ரெண்டு தரமும் நான் விடலை.”

திரும்பி வரும்போது பெரியம்மாவின் மூக்குக்கண்ணாடி தலைமேல் இருந்தது. அவர் அதைத் தேடவில்லை.

மறுநாள் மாலை, வாசலில் அதே கூட்டம். அத்தை கேட்டுக்கு வெளியே நின்றார். பெரியம்மா போய் அவர் கையைப் பிடித்துப் படிக்கு அழைத்து வந்தார். பேச்சு நீளமில்லை.

“இந்த இடத்துல நின்னு இவளைப் போகச் சொன்னேன். இவ பூட்டலை. குழந்தையை ஒரு தரம்தான் கேக்கணும்னு ஒரு பழக்கம் வச்சிருந்தேன், அதுலயே மாட்டிக்கிட்டேன். குழந்தை சொல்றதை நம்பறது ஒண்ணு, மத்தவங்களைக் கேக்காம இருக்கறது வேற. எனக்கு அது தெரியாமப் போச்சு. தப்பு என்னுது.”

 போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தகப்பனார் அதைப் பைக்குள் போட்டார். அப்போது கூடத்திலிருந்து ரேடியோ வந்தாள். கையில் அவளுடைய துணி, சிவப்புப் பொத்தானோடு. எடுத்துவரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. படியருகே வந்து அத்தையின் காலைச் சுற்றித் தரையில் தேடினாள். துடைக்க எதுவும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. துணியை இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டே சொன்னாள்:

“நீங்க பூட்டலை. நான்தான் கதவை இழுத்தேன். நீங்க திறந்தீங்க.”

அத்தை குனிந்தார். அவருடைய பெரிய குரல் அன்று எங்கோ போயிருந்தது. “பூட்டுவேன்னு நான் சொன்னேன்ல? அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அது என்னோடது.”

“நாளைக்கு வருவீங்களா?”

அத்தை நிமிர்ந்தார். எதிரே அக்கா.

“என் மேல கோபமா?” என்றாள் அக்கா மெதுவாக.

“இருக்கு” என்றார் அத்தை. “குரூப்ல நீங்க எழுதினதைப் பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சுக் காட்டினா. ரெண்டையும் படிச்சா. இருந்தாலும் இருக்கு. போகும்போது போகும்.”

அக்கா தலையாட்டினாள். அதற்கு மேல் அங்கே யாரும் சமாதானம் பேசவில்லை. நானாக இருந்தால் ஏதாவது சொல்லி மெழுகியிருப்பேன்.

படியிறங்கும்போது அத்தை பெரியம்மாவிடம் திரும்பினார். “முதல்ல அந்தக் கதவைக் கழட்டுங்க. அப்புறம் பார்க்கலாம்.”

மறுநாள் காலையே பெரியம்மா திருப்புளியோடு உட்கார்ந்துவிட்டார். சேவை மையத்து நாட்களில் பார்த்துப் பழகிய கை. ஒவ்வொரு திருகாணியாகக் கழன்று வரும்போது, குழந்தைகள் வரிசையில் நின்று உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்கள். கடைசித் திருகாணியை மீன் பொத்தான்காரன் எங்கேயோ தொலைத்துவிட்டு, கேட்பதற்கு முன்பே “நான்தான்” என்றான். கதவைச் சுவரில் சாய்த்து வைத்தோம். அறைக்கு ஒரு திரை போட்டோம்.

அதற்கு அடுத்த வாரம் அத்தை வந்தார். பையை வைத்துவிட்டு முதலில் திரையை விலக்கிப் பார்த்தார். பிறகு தன் துணி கொக்கியில் இருக்கிறதா என்று பார்த்தார். அடுக்களைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து, “இந்தப் பாத்திரத்தை இப்படித் தேய்ச்சது யாரு, படிச்ச பொண்ணா?” என்று குரல் வந்தது. தெருமுனை வரை கேட்டிருக்கும்.

மதியச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். ரேடியோ கேரட்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அத்தை கரண்டியை நீட்டி, பழக்க தோஷத்தில் தொடங்கினார்:

“இத பாரு, சாப்பிடலைன்னா...”

நின்றுவிட்டார். குழந்தைகள் அத்தனை பேரும் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். பெரியம்மா பார்க்காதது போலத் தன் தட்டைப் பார்த்தார்.

“சாப்பிடலைன்னா?” என்றாள் ரேடியோ.

அத்தை கரண்டியைக் கீழே வைத்து, நன்றாக யோசித்தார்.

“சாப்பிடலைன்னா பசிக்கும்.”

“பசிச்சா?”

“பசிச்சா வந்து சொல்லு. தர்றேன்.”

ரேடியோ கொஞ்சம் ஏமாந்த மாதிரிதான் இருந்தாள். பிறகு ஒரே ஒரு கேரட்டை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, வாயில் போட்டுக்கொண்டாள்.